நோயாளியைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

வவுனியா மாவட்டத்தின் எல்லைக் கிராமம் ஒன்றில், வயலோரத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரருக்கு 56 வயது. 30 வருடம் வயல் செய்தவர். இன்று அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. கிழமையில் இரண்டு நாள் நகர வைத்தியசாலைக்குச் சென்று, இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு நான்கு மணித்தியாலம் ஆகும்.

அந்த நாட்களில் அவருடைய மனைவி விடியற்காலை மூன்று மணிக்கு எழும்புகிறார். கணவருக்கு உப்புக் குறைத்த கறியைப் புறம்பாகச் சமைக்கிறார். அன்றைக்குக் குடிக்கக்கூடிய தண்ணீரைப் போத்தலில் அளந்து வைக்கிறார். முதல் பஸ்ஸில் அவரைத் தாங்கி ஏற்றுகிறார். சிகிச்சை முடியும்வரை வாங்கில் காத்திருக்கிறார். பொழுது சாயும் நேரம் களைத்துப் போன மனிதரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

"இந்த வீட்டில் எத்தனை பேர் வருத்தக்காரர், அக்கா?" என்று கேட்டோம்.

"இவர் ஒராள்தான்" என்றார்.

நாம் விடைபெற்று எழும்பியபோதுதான் எம்மில் ஒருவர் அவருடைய காலைக் கவனித்தார். பெருவிரலைச் சுற்றிப் பழந்துணி கட்டியிருந்தது. "எனக்குச் சீனி வருத்தம் தம்பி. ஒரு புண் வந்தது, ஆறுதில்லை" என்றார். அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். கடைசியாக அவர் போன திகதி எட்டு மாதத்துக்கு முந்தியது.

"என்ர கிளினிக் செவ்வாய்க்கிழமை. இவருக்கு ரத்தம் மாத்துறதும் செவ்வாய்க்கிழமை. நான் எங்க போறது?"

அந்த வீட்டில் வருத்தக்காரர் ஒருவர் அல்ல, இருவர். கணவருடைய பெயர் வைத்தியசாலைப் பதிவில் இருக்கிறது, பிரதேச செயலகப் பட்டியலிலும் இருக்கிறது. மனைவியின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அவர் வெறுமனே "கூட வந்த ஆள்".

இந்தக் "கூட வந்த ஆள்" பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

இவர்கள் யார்?

கடும் நோயுற்ற ஒருவரைச் சம்பளம் எதுவுமின்றி வீட்டில் வைத்துப் பார்ப்பவரைப் பராமரிப்பாளர் என்கிறோம். மனைவியாக, மகளாக, மருமகளாக, தாயாக, சில வீடுகளில் கணவனாக, மகனாக, பேரப்பிள்ளையாக இவர்கள் எல்லாக் கிராமங்களிலும் இருக்கிறார்கள்.

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு வீட்டில் 17 வயதுப் பிள்ளை ஒருத்தியைச் சந்தித்தோம். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்கிறார். அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்ற அந்தப் பிள்ளை உயர்தர வகுப்புக்குப் போகவில்லை. "அம்மம்மாவை ஆர் பாக்கிறது?" என்பதே அவளுடைய பதில். பாடசாலையில் அவள் இடைவிலகியவள். வீட்டில் அவள் முழுநேரத் தாதி.

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்ட லயத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், புற்றுநோய் கண்ட தந்தையை மகரகமவுக்கு அழைத்துச் சென்று வருகிறார். ஒரு பயணத்துக்கு இரண்டு நாள், சில வேளை மூன்று நாள். "வேலைக்குப் போகலைன்னா அன்னிக்குப் பேரு இல்லைங்க. அப்பாவுக்கு மருந்து இலவசம்தான். ஆனா நாங்க போய் வர்றது இலவசம் இல்லையே" என்றார்.

இந்த மூன்று பேரும் மூன்று வேறு மாவட்டத்தவர்கள். பேசும் பேச்சும் வேறு. ஆனால் ஒருவர் சுகத்தை இழந்தார், ஒருவர் படிப்பை இழந்தார், ஒருவர் கூலியை இழந்தார். இழந்ததை எவரும் கணக்கில் எழுதவில்லை.

சர்வதேச தொழில் தாபனம் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்று இக்கணக்கை எழுத முயன்றது. வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, நோயாளர் பராமரிப்பு எல்லாம் சேர்த்து உலகில் நாளொன்றுக்கு 1,640 கோடி மணித்தியாலங்கள் ஊதியமின்றி உழைக்கப்படுகின்றன. 200 கோடி மக்கள் நாளுக்கு எட்டு மணித்தியாலம் சம்பளமில்லாமல் வேலை செய்வதற்கு இது சமம். இதில் நாலில் மூன்று பங்குக்கும் அதிகமானதைப் பெண்களே செய்கிறார்கள்.

எமது நாட்டில் இச்சுமை வருங்காலத்தில் கூடுமே தவிரக் குறையாது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே சனத்தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். நீரிழிவு, மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய் என்பன வந்து நாலு நாளில் போகும் நோய்கள் அல்ல. 1990களில் வட மத்திய மாகாணத்தில் அடையாளங் காணப்பட்ட, காரணம் இன்னும் முற்றாகத் தெளிவாகாத சிறுநீரக நோய் அயலிலுள்ள வவுனியா விவசாயிகளையும் பிடித்திருக்கிறது. நோய்க்காலம் நீண்டுகொண்டு போகிறது. குடும்பமோ சிறுத்துவிட்டது. யுத்தத்தில் பலரை இழந்தோம். பலர் வெளிநாடு போய்விட்டார்கள். முன்பு ஐந்து பேர் பகிர்ந்த வேலை இன்று ஒருவருடைய தோளில் கிடக்கிறது.

அவர்கள் செய்வது என்ன வேலை?

"வீட்டிலதானே இருக்கிறா" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் இருந்து அவர் செய்வதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகிலும் இடுப்பிலும் குதியிலும் படுக்கைப் புண் வரும். இரவு என்றாலும் இந்தக் கணக்கு மாறாது. சிறுநீரக நோயாளிக்குத் தண்ணீரும் உப்பும் அளந்து கொடுக்க வேண்டும். பொற்றாசியம் கூடிய வாழைப்பழமும் இளநீரும் சத்துணவு என நாம் நினைத்துக் கொடுத்தால், அவருடைய இதயமே நின்றுவிடக்கூடும். சில நோயாளிகள் இயந்திரமின்றி வீட்டிலேயே, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தைச் செலுத்தி வடித்துச் சுத்திகரிப்புச் செய்கிறார்கள். பெரும்பாலும் நாளுக்கு நான்கு தடவை இதனைச் செய்ய வேண்டும். கை சரியாகக் கழுவப்படாவிட்டால் வயிற்றறையில் கிருமி தொற்றிவிடும். வடிந்த திரவம் கலங்கலாக இருந்தால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். இதைக் கண்டறிய வேண்டியவர், வைத்தியம் படிக்காத மனைவியோ மகளோதான்.

இதே வேலையை வைத்தியசாலையில் செய்யும் தாதிக்குப் பயிற்சி உண்டு. வேலைநேரம் உண்டு, மாற்றாள் உண்டு, லீவு உண்டு, சம்பளம் உண்டு, கையுறையும் உண்டு. வீட்டிலுள்ள தாதிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. முதுகு நோவும் நித்திரையின்மையும் மனச்சோர்வும் மாத்திரமே அவருக்கு மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலவச வைத்தியம் எமது நாட்டின் பெருமை. அதனை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அது நோயாளியை மாத்திரம் காண்கிறது. அவருக்கு அருகில் நிற்பவரைக் காண்பதில்லை.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டுச் சபையின் முன் செல்லலாம். இது தேவையான சட்டம். கைவிடப்பட்ட எத்தனையோ பெற்றோருக்கு இது ஒரு பிடிமானம். ஆனால் பராமரிக்கும் கடமையை எழுதிய சட்டம், பராமரிப்பவரின் உரிமையை எழுதவில்லை.

2023 இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தின் கீழ் வறிய சிறுநீரக நோயாளருக்கும் அங்கவீனருக்கும் முதியோருக்கும் கொடுப்பனவு உண்டு. சிறுநீரக நோயாளருக்கும் அங்கவீனருக்குமான மாதக் கொடுப்பனவு 2025 இல் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதுவும் வரவேற்க வேண்டியதே. எனினும் அது நோயாளியின் பெயரில் வரும் பணம். அவரைப் பார்ப்பதற்காகக் கூலி வேலையை விட்டவருக்கென அத்திட்டத்தில் ஒரு பிரிவு இல்லை.

வேலைத்தலத்தை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்கு ஏழு நாள் அமய லீவும் 14 நாள் வருடாந்த லீவும் தருகிறது. நோயுற்ற தாயைப் பார்க்கவென்று அதில் புறம்பான லீவு கிடையாது. கூலிக்கு வயலில் இறங்குபவருக்கும் மீன் வாடியில் நிற்பவருக்கும் இந்த லீவும் இல்லை.

தணிப்புப் பராமரிப்புக்காகச் சுகாதார அமைச்சு 2019 தொடக்கம் 2023 வரையான தேசிய செயற்றிட்டம் ஒன்றை வகுத்திருந்தது. தணிப்புப் பராமரிப்பு என்பது, மாற்ற முடியாத நோய் உள்ளவரின் நோவையும் துன்பத்தையும் குறைத்து, குடும்பத்தையும் தாங்குவது. இத்தகைய பராமரிப்பை வைத்திய சேவையின் ஒரு பகுதியாக்குமாறு உலக சுகாதாரப் பேரவை 2014 இலேயே எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. எண்ணம் நல்லது. அந்த எண்ணம் எமது கிராமத்துப் படலை வரை வந்துசேர வேண்டும்.

தாயைப் பார்க்கக் கூலியா?

இவ்விடயத்தைக் கூட்டங்களில் பேசும்போது ஒரு கேள்வி எழும்பாமல் விடுவதில்லை. "பெத்த தாயைப் பார்க்க ஆராவது கூலி கேட்பினமா? இது எங்கட பண்பாடு இல்லையே" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. நாமும் அன்பைக் காசுக்கு விற்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பண்பாடு" என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் இரவில் எழும்பி நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பவர்கள் அல்லர். பண்பாட்டின் புகழ் முழுக் குடும்பத்துக்கும் போகிறது. அதன் பாரம் ஒரு பெண்ணின் முதுகில் ஏறுகிறது. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் கலியாணம் செய்யாத மகளே தாயைப் பார்க்க வேண்டும் என்று எவரும் தீர்மானம் எடுப்பதில்லை. ஆனாலும் அப்படித்தான் நடக்கிறது. அவளிடம் ஒரு சொல் கேட்கப்படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பராமரிப்பவரின் உரிமை நோயாளியின் உரிமைக்கு எதிரானது அல்ல. வவுனியா வீட்டில் மனைவி தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போன நேரம், கணவர் மெல்லிய குரலில் எமக்குச் சொன்னார்: "நான் போனால்தான் இவளுக்கு ஆறுதல் கிடைக்கும் போல கிடக்கு." தன் உயிரையே மனைவிக்குச் சுமையாக எண்ணும் நிலைக்கு அந்த மனிதர் வந்திருக்கிறார். அவருக்குத் தேவையான மருந்துகளில் ஒன்று, மனைவி இளைப்பாறுகிறார் என்று காண்பது. பராமரிப்பவர் விழுந்தால் நோயாளியும் விழுவார். ஆகவே ஒருவருக்குச் செய்வது இருவருக்கும் செய்வதாகும்.

மற்ற இடங்களில் நடந்தது

பிரித்தானியாவில் மேரி வெப்ஸ்டர் என்ற பெண் சபைப் போதகராக இருந்தார். 1954 இல் வயதான பெற்றோரைப் பார்ப்பதற்காகத் தம் பணியை விட்டார். 1963 இல் தம்மைப் போன்றவர்களின் நிலை குறித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நாடெங்குமிருந்து பெண்கள் "நானும் அப்படியே" என்று பதில் எழுதினார்கள். 1965 இல் அவர்கள் ஒரு சங்கமானார்கள். 1976 இல் பராமரிப்பாளருக்கான அரச கொடுப்பனவு வந்தது. ஆனால் மணமான பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய நியாயம்! தாயைப் பார்த்துவந்த ஜாக்குலின் டிரேக் என்ற மணமான பெண் வழக்குப் போட்டார். 1986 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தப் பாகுபாடு தவறு எனத் தீர்ப்பளித்தது. 1995 இல் வந்த சட்டம், பராமரிப்பவரின் தேவைகளையும் மதிப்பிட்டுப் பார்க்க வழிசெய்தது. 2024 ஏப்ரல் முதல், பராமரிப்புக்கென வருடத்துக்கு ஒரு கிழமைச் சம்பளமற்ற லீவு ஊழியரின் சட்ட உரிமையாகியுள்ளது. அங்கும் கொடுப்பனவு சிறியது, குறைகள் பல. ஆனால் ஒரு கடிதத்தில் தொடங்கியது சட்டத்தில் வந்து நின்றது.

அது பணக்கார நாடு என்று சொல்லலாம். அப்படியானால் கேரளத்தைப் பார்ப்போம். 1993 இல் கோழிக்கோட்டில் சில வைத்தியர்கள் தணிப்புப் பராமரிப்புச் சேவையைத் தொடங்கினார்கள். பின்னர் மலப்புறம் போன்ற இடங்களில் ஊர் மக்களே பயிற்சி பெற்று, சிறு தொகைகளைச் சேர்த்து, வீடு வீடாகப் போகத் தொடங்கினார்கள். 2008 இல் மாநில அரசு இதனைத் தன் கொள்கையாக்கியது. படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பார்ப்பவருக்கு மாதம் 600 இந்திய ரூபா வழங்கும் "ஆசுவாசகிரணம்" என்ற திட்டமும் அங்கு உண்டு. தொகை மிகச் சிறிது. ஆனால் அது பராமரிப்பவருக்கென்றே வரும் பணம். அவரும் ஒரு உழைப்பாளி என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

2023 இல் ஐக்கிய நாடுகள் சபை ஒக்டோபர் 29 ஆம் திகதியைப் பராமரிப்புக்கும் ஆதரவுக்குமான சர்வதேச தினமாகப் பிரகடனம் செய்தது. எமது சங்கங்கள் இத்தினத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எவற்றைக் கேட்கிறோம்?

நாம் சந்தித்த பராமரிப்பாளர்கள் சொன்னவற்றைத் தொகுத்தால் ஆறு உரிமைகள் தெளிவாகின்றன.

முதலாவது, அறியும் உரிமை. நோயாளியின் சம்மதத்துடன், நோய் எப்படிப் போகும், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அவர்களுடைய தாய்மொழியில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பழகும் உரிமை. நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், புரட்டவும் தூக்கவும் புண் கழுவவும் பராமரிப்பவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, இளைப்பாறும் உரிமை. கிழமையில் சில மணித்தியாலமாவது மாற்றாள் வேண்டும்.

நான்காவது, தன் சுகத்தைப் பேணும் உரிமை. நோயாளியின் கொப்பியில் திகதி போடும்போது, "உங்களுக்கும் கிளினிக் இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வி போதும். அந்தச் செவ்வாய்க்கிழமைச் சிக்கல் அங்கேயே தீர்ந்திருக்கும்.

ஐந்தாவது, சீவியத்துக்கான உரிமை. பராமரிப்பு லீவு, பராமரிப்பவருக்கான கொடுப்பனவு, விட்ட படிப்பைத் தொடர வழி என்பன இதில் அடங்கும்.

ஆறாவது, பேசும் உரிமை. எவ்வளவு தன்னால் முடியும், எது முடியாது என்று சொல்லவும், அதற்காகக் குற்றவாளியாக்கப்படாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

கிராமத்தில் தொடங்கலாம்

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. எமக்கு ஒத்தாசை புதிதல்ல. நாற்று நடவும் கூரை வேயவும் கைமாற்றாக உழைத்த மக்கள் நாம்.

வவுனியா வீட்டிலிருந்து திரும்பியதும் அவ்வூர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைப் பேசினோம். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் தமது ஊரில் இப்படி எத்தனை வீடு உண்டு என்று எண்ணினார்கள். இரண்டு மூன்று என்று நினைத்தார்கள். எண்ணியபோது பதினொரு வீடு. அதில் இரண்டு வீட்டில் பராமரிப்பவர் ஆண். அவர்களை எவரும் முன்பு கேட்டதே இல்லை.

சங்கம் மூன்று காரியம் செய்தது. செவ்வாய்க்கிழமைகளில் சிறுநீரக நோயாளியுடன் போக முறை வைத்து ஆள் விட்டது. அதில் இரண்டு இளைஞர்களும் சேர்ந்தார்கள். பிரதேச வைத்தியசாலைத் தாதி ஒருவரை அழைத்து ஒரு பின்னேரம் செய்முறைப் பயிற்சி நடத்தியது. சீட்டுக் காசில் ஒரு பங்கை ஒதுக்கிச் சக்கர நாற்காலி ஒன்றும் மலசலகூட நாற்காலி ஒன்றும் வாங்கி, தேவைப்படும் வீட்டுக்கு இரவலாகக் கொடுக்கிறது. பெரிய பணம் செலவாகவில்லை.

அந்த அக்கா முதற் செவ்வாயே கிளினிக்குக் கொண்டுபோகப்பட்டார். புண் எலும்பு வரை போயிருந்தது. வார்ட்டில் மறித்தார்கள். பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது. இன்னும் இரண்டு மாதம் பிந்தியிருந்தால் காலும் போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னாராம்.

அவர் வார்ட்டில் இருந்த 12 நாளும் ஊரவர்களே கணவரைப் பார்த்தார்கள். தண்ணீர் அளக்கும் போத்தலை யாரிடம் கொடுப்பது என்பதுதான் அவருக்கு இருந்த பெரிய கவலை. பக்கத்து வீட்டுப் பெடியனிடம் கொடுத்து, கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனார். அவன் ஒரு நாளும் பிசகவில்லை.

நாம் மறுபடி போனபோது அவர் நொண்டி நொண்டி வந்து தேத்தண்ணீர் தந்தார். "விரல் ஒண்டு போனது போகட்டும் தம்பி. எனக்கு என்ன வருத்தம் எண்டு ஆக்கள் கேட்டினமே, அது காணும்" என்றார்.

அது காணாது என்பதே எமது எண்ணம். ஒரு விரலை இழந்த பிறகுதான் கேட்க வேண்டுமா? உங்கள் ஊரில் யாருடைய கிளினிக் கொப்பி எட்டு மாதமாகத் திறக்கப்படாமல் கிடக்கிறது? இக்கிழமையே போய்க் கேட்டுப் பாருங்கள்.

குழுக்களில் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் கடும் நோயாளரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை, பாடசாலை வயதினர் எத்தனை?

2. அவர்கள் கடைசியாக எப்போது தம் சுகத்துக்காக வைத்தியரிடம் போனார்கள்?

3. கிழமையில் ஒரு பின்னேரம் மாற்றாளாக நிற்க எமது சங்கத்தில் யார் முன்வருவார்கள்?

4. பராமரிப்பவருக்கான கொடுப்பனவும் லீவும் கோரி, பிரதேச சபைக்கும் எமது பாராளுமன்றப் பிரதிநிதிகளுக்கும் மகசர் எழுத நாம் ஆயத்தமா?